பல்சக்கர மயில்: கணினியில் கியர் சிற்பம் வடிவமைக்கத் தொடங்குபவர்களுக்கு

திருத்தணி, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, எல்லையைத் தாண்டினால் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர். இந்த வட்டாரத்தில் கியர் சிற்பம் செய்து நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைத்தால், வந்து நிற்பவர்களில் பலர் தறி ஓட்டியவர்களாகவோ தறி பழுது பார்ப்பவர்களாகவோ இருப்பார்கள். 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றுவிட்டன. ஆனால் விசைத்தறிக்கு எல்லை கிடையாது, இரண்டு பக்கமும் அதே கியர்தான். அந்தக் கண்கள் முதலில் பார்ப்பது அழகை அல்ல. "இது சுத்துமா?" என்பார்கள். பல்லோடு பல் சேராத சக்கரத்தைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனவே இந்தக் கட்டுரை ஒரு பிடிவாதத்தோடு எழுதப்பட்டது: உங்கள் சிற்பம் சுற்றினாலும் சரி, அசையாமல் நின்றாலும் சரி, சக்கரங்கள் சுற்றக்கூடிய கணக்கில்தான் இருக்க வேண்டும். கணக்கு பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். பயிற்சிக்குத் திருத்தணி முருகனின் வாகனத்தையே எடுத்துக்கொள்வோம்: தோகையில் ஏழு சிறு கியர்கள் சுற்றும் ஒரு மயில், மேசைமேல் வைக்கிற அளவில்.

முதலில் ஒரு நிஜ கியரைப் பிடியுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். கழித்துப் போட்ட தறியின் வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்று எடை விலைக்குக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க முடியாவிட்டால் ஓடாமல் நிற்கும் தறி ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கிராங்க் ஷாஃப்டிலிருந்து (தறியின் மேல் அச்சுத்தண்டு) கீழே உள்ள பாட்டம் ஷாஃப்டுக்குப் போகும் ஜோடியில் பற்களை எண்ணினால், கீழ்ச் சக்கரத்தில் சரியாக இரண்டு மடங்கு இருக்கும். சாதா நெசவில் இரண்டு ஊடைக்கு (குறுக்கே ஓடும் நூல்) ஒருமுறை எல்லாம் திரும்பத் தொடங்குகிறது. அதனால் மேலே இரண்டு சுற்று சுற்றும்போது கீழே ஒரு சுற்று. துணியைச் சுருட்டும் பக்கத்தில் இன்னும் சுவாரசியம். ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு பல் நகரும் ராட்செட்டிலிருந்து (ஒரே திசையில் மட்டும் நகரும் பல்சக்கரம்) தொடர்ச்சியாகச் சக்கரங்கள். நடுவில் ஒன்றை மட்டும் கழற்றி வேறு பல் எண்ணிக்கை போட்டால் அங்குலத்துக்கு விழும் ஊடை மாறிவிடும். சிற்பத்துக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

கரும்புச்சாறு வண்டியும் நல்ல இடம்தான். உருளைகளின் பக்கவாட்டில் கியர்கள் திறந்தே இருக்கும், சாறு குடிக்கிற நேரத்தில் எண்ணிவிடலாம். கையை மட்டும் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

இப்போது அளவு. மெட்ரிக் கியருக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் எண்ணின் பெயர் மாட்யூல். வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதனால் வகுத்தால் மாட்யூல் வரும். 40 பல், வெளிவிட்டம் 126 மி.மீ. என்றால், 126ஐ 42ஆல் வகுக்க 3. அதே மாட்யூல் உள்ள கியரோடுதான் அது சேரும். பழைய ஆங்கிலேய வடிவத் தறி என்றால் விடை 3.17, 3.18 என்று அரைகுறையாக வரலாம். நீங்கள் அளந்தது தப்பில்லை, அந்தச் சக்கரம் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டது. அங்குலத்தில் அளந்து தலைகீழாக வகுத்துப் பாருங்கள்: 42ஐ 5.25 அங்குலத்தால் வகுத்தால் 8. அதை மாட்யூலாக்க 25.4ஐ 8ஆல் வகுங்கள், 3.175. மென்பொருளில் இந்த எண்ணை அப்படியே தட்டச்சு செய்யலாம். பழைய தறிச் சக்கரத்தோடு நீங்கள் வடிவமைத்த புதுச் சக்கரம் கோத்துச் சுற்றும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்னும் ஒன்று உண்டு: அழுத்தக் கோணம், அதாவது பல்லின் பக்கச் சாய்வு. இன்று பொதுவாக 20 பாகை. பழைய இயந்திரங்களில் 14.5 பாகையும் உண்டு. பழைய சக்கரத்தோடு சேர்ப்பதாக இருந்தால், இரண்டு கோணத்திலும் நாலைந்து பல் உள்ள துண்டை அட்டையில் வெட்டி, பல்லிடுக்கில் வைத்துப் பாருங்கள். எது வெளிச்சம் தெரியாமல் உட்காருகிறதோ அதுவே.

புகைப்படம் எடுக்கும்போது சற்றுத் தள்ளி நின்று, ஜூம் செய்து, நேராக எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் விளிம்பு வளைந்துவிடும். பக்கத்தில் ஸ்கேல் ஒன்று கிடக்கட்டும்.

எந்த மென்பொருள்?

இரண்டு போதும், இரண்டும் இலவசம். அளவு தவறாமல் கியர் வரைய ஃப்ரீகேட். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளைப் பார்த்துப் பயந்து ஓடியவர்கள் இப்போது திரும்பி வரலாம். அடுக்கிப் பார்க்க, சுற்றிப் பார்க்க, துருவும் கிரீஸும் பூசிப் படமாக்க பிளெண்டர். 2002இலிருந்து அது திறந்த மென்பொருள். மரப்பலகையிலோ தகட்டிலோ தட்டையாக மட்டும் வெட்டப் போகிறீர்கள் என்றால் இங்க்ஸ்கேப்பிலேயே கியர் வரையும் வசதி இருக்கிறது. அவசர வேலைக்கு அதுவும் சரி.

பிளெண்டரிலேயே கியர் கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும். அதன் ஆட்-ஆன் (கூடுதலாகச் சேர்க்கும் கருவி) தரும் பல் கண்ணுக்குப் பல், கணக்குக்கு அல்ல. தூரத்துப் பின்னணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8 ஜிபி ரேம் உள்ள கணினி இந்த மயிலுக்குப் போதும். மடிக்கணினியின் டச்பேடோடு மட்டும் மல்லுக்கு நிற்காதீர்கள், நடுவில் உருளை உள்ள சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

காகிதத்தில் கணக்கு

வரையத் தொடங்குவதற்கு முன் தீர்க்க வேண்டிய விஷயங்கள் சில.

மூன்று கியர்கள் ஒன்றையொன்று தொட்டபடி முக்கோணமாக நின்றால் எதுவும் சுற்றாது. முதலாவது வலம் போனால் இரண்டாவது இடம் போகும், மூன்றாவது இரண்டுக்கும் எதிராகப் போக வேண்டும், முடியாது. 'ஒற்றுமையே பலம்' என்று மூன்று கியரைக் கோத்து அச்சடிக்கிற சுவரொட்டிகள் எத்தனையோ. அத்தனையும் பூட்டிக்கொண்டு நிற்கும் இயந்திரங்கள். வட்டமாகக் கோர்ப்பதானால் இரட்டைப்படை எண்ணிக்கையில் கோர்க்க வேண்டும். பூ மாதிரி நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஒரே அளவில் வைக்க ஆசை வரும். அதுவும் பூட்டிக்கொள்ளும், ஏனென்றால் இதழும் இதழும் உரசுகின்றன.

மயிலுக்கு இப்படி யோசிப்போம். நடுவில் ஒரு பெரிய கியர். அதன் மேல்பாதியைச் சுற்றி, இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை 30 பாகை இடைவெளியில் ஏழு சிறு கியர்கள். சிறு கியர்கள் நடு கியரைத் தொடலாம், ஒன்றையொன்று தொடக் கூடாது.

இரண்டு கியர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், பற்களைக் கூட்டி மாட்யூலால் பெருக்கிப் பாதியாக்கினால் வரும். மாட்யூல் 2 என்று வைத்துக்கொண்டு முதலில் 60க்கு 20 பல் போட்டுப் பார்க்கலாம். மையத்தூரம் 80 மி.மீ. அந்த வட்டத்தில் 30 பாகை தள்ளி நிற்கும் இரண்டு சிறு கியர்களின் மையங்களுக்கு நடுவே 41.4 மி.மீ. சிறு கியரின் வெளிவிட்டமோ 22ஐ 2ஆல் பெருக்க 44. இடிக்கும். சரி, 72க்கு 18 போடுவோம். மையத்தூரம் 90. அடுத்தடுத்த சிறு கியர்களுக்கு நடுவே 46.6, வெளிவிட்டம் 40. ஆறரை மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. மொத்த அகலம் 220 மி.மீ. மேசைக்கு அளவாக வந்துவிட்டது.

18 என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 20 பாகை அழுத்தக் கோணத்தில் 17 பல்லுக்குக் கீழே போனால் பல்லின் அடிப்பக்கம் குடைந்துகொண்டு மெலிந்துவிடும். 72ஐ எடுத்ததற்கும் காரணம் உண்டு: 30 பாகைக்குச் சரியாக 6 பல். அதனால் ஏழு இடத்திலும் பெரிய கியரின் பல் ஒரே நிலையில் நிற்கும். ஒரு சிறு கியரைச் சரியாகப் பொருத்திவிட்டால் மற்ற ஆறும் நகல்தான். பெரியது ஒரு சுற்று போனால் சிறியவை நாலு சுற்று, ஏழும் ஒரே திசையில்.

ஃப்ரீகேட்டில் வரைதல்

புதுக் கோப்பு, பார்ட் டிசைன் வேலைத்தளம், ஒரு பாடி. பிறகு அதன் மெனுவில் இன்வால்யூட் கியர் என்று இருக்கும். பல் 72, மாட்யூல் 2, கோணம் 20 கொடுத்தால் பல்லின் வெளிக்கோடு வந்து நிற்கும். அந்த வளைவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள நூல் கண்டு ஒன்றை எடுங்கள். சுற்றிய நூலைத் தொய்யாமல் இழுத்துப் பிடித்தபடியே பிரித்தால் நுனி காற்றில் வரைகிற கோடுதான் அது. இந்த வளைவில் செய்த பற்களுக்கு ஒரு பெரிய மன்னிக்கும் குணம் இருக்கிறது: மையத்தூரம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் வேக விகிதம் மாறாமல் சுற்றும்.

வந்த கோட்டை பேட் (தடிமன் கொடுக்கும் கட்டளை) கொடுத்து 6 மி.மீ. தடிமனாக்குங்கள். முகத்தில் ஸ்கெட்ச் வைத்து, வட்டம் போட்டு, பாக்கெட் (குடைந்தெடுக்கும் கட்டளை) மூலம் அச்சுக்குத் துளை. ஆரக்கால் வேண்டுமென்றால் ஒரே ஒரு காலியிடத்தை வரைந்து வெட்டி, போலார் பேட்டர்ன் (மையத்தைச் சுற்றி நகலெடுக்கும் கட்டளை) மூலம் ஐந்தாக்குங்கள். பழைய வார்ப்புச் சக்கரங்களில் வளைந்த ஆரக்கால்களையும் ஒற்றைப்படை ஆரக்கால்களையும் பார்த்திருப்பீர்கள். வார்த்த இரும்பு குளிரும்போது சுருங்குகிறது, நேரெதிராக இழுபட்டால் விரிசல் விழும், அதைத் தவிர்க்கச் செய்த வேலை அது. நம்முடையது பிளாஸ்டிக்காக இருந்தாலும் ஐந்து வளைந்த ஆரக்கால் வைத்தால் பார்ப்பவர் மனதில் அது வார்ப்பாகவே பதியும். ஆரக்கால் சேரும் மூலைகளில் தாராளமாக ஃபில்லெட் (மூலையை உருட்டுவது) கொடுங்கள். வார்ப்பில் கூரான உள்மூலை இருக்காது. புதியவர்களின் கியர் பொம்மைபோலத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த மூலைகள்தான் காரணம்.

மாட்யூல், தடிமன், துளை மூன்றையும் ஃப்ரீகேட்டின் ஸ்ப்ரெட்ஷீட்டில் தனித்தனிக் கட்டத்தில் எழுதி, அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்துவிடுங்கள். நாளைக்கு யாராவது இதையே மூன்றடியில் கேட்டால் அந்த எண்களை மாற்றினால் போதும்.

18 பல் கியரையும் இதேபோல. இரண்டையும் அவற்றின் மையம் தொடக்கப் புள்ளியில் இருக்கும்படியே வைத்து, தனித்தனி எஸ்டிஎல் (STL, முப்பரிமாண வடிவக் கோப்பு) கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். சேர்த்துவைத்த நிலையில் ஏற்றினால் அடுத்த கட்டத்தில் சுற்றும் மையம் எங்கோ போய் நிற்கும்.

பிளெண்டரில் சேர்த்தல்

இறக்கும்போது அளவை 0.01 என்று கொடுத்தால் 1 மி.மீ. என்பது 1 செ.மீ. ஆகி, திரையில் வசதியாக வேலை செய்யலாம். வெட்டும் அளவுக்கு ஆதாரம் எப்போதும் ஃப்ரீகேட் கோப்புதான், இது பார்வைக்கு.

சிறு கியரைப் பெரியதன் வலப்பக்கம் 90 மி.மீ.க்கு உரிய தூரத்தில் (பிளெண்டரில் 0.9) வையுங்கள். இரண்டிலும் ஒரு பல் வலப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தால், பல்லும் பல்லும் மோதி நிற்கும். ஏனென்றால் 18 இரட்டைப்படை, நேரெதிரேயும் ஒரு பல் இருக்கும். அரைப் பல் திருப்ப வேண்டும். 360ஐ 18ஆல் வகுக்க 20, அதில் பாதி 10 பாகை. (19 போன்ற ஒற்றைப்படை என்றால் எதிர்ப்பக்கம் இயல்பாகவே பள்ளம் வரும், திருப்பவே வேண்டாம்.) ஒன்று சேர்ந்ததும், 3டி கர்சரைப் பெரிய கியரின் மையத்தில் நிறுத்தி, சுழலும் புள்ளியை அதற்கு மாற்றி, ஆல்ட் + டி மூலம் நகலெடுத்து 30 பாகை சுழற்றுங்கள். நகல் தானும் திரும்பிக்கொண்டே போவதால் பல் சேர்க்கை கலையாது. இப்படி ஏழு.

இனி சுற்றவைப்பது. ஏழு சிறு கியர்களையும் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் அப்ளை என்பதற்குக் கீழே உள்ள ரொட்டேஷன் டு டெல்டாஸ் கொடுங்கள். அப்போது திருப்பிவைத்த கோணம் உள்ளே பதிந்து, வெளியே 0 என்று காட்டும். பெரிய கியரின் இசட் சுழற்சியில் வலது சொடுக்கு, காப்பி ஆஸ் நியூ டிரைவர் (டிரைவர் என்பது ஒன்றின் அசைவை இன்னொன்றோடு கட்டும் கோவை). சிறு கியரின் இசட் சுழற்சியில் பேஸ்ட் டிரைவர். டிரைவரின் கோவையில் அந்த மாறியின் முன்னால் கழித்தல் குறி போட்டு 4ஆல் பெருக்குங்கள். ஏழுக்கும் இதைச் செய்துவிட்டுப் பெரியதைக் கையால் சுழற்றினால் தோகை முழுக்க அசையும். பல் எங்காவது பல்லுக்குள் புகுந்தால் மேலிருந்து பார்க்கும் கோணத்திலேயே தெரிந்துவிடும்.

சிற்பம் தொடங்குவது இங்கேதான். இதுவரை செய்தது இயந்திரம்.

தோகைக் கண்ணைச் சிறு கியரின் நடுவில் வைத்தால் சுற்றினாலும் சுற்றாத மாதிரியே இருக்கும். கண்ணை மையத்திலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள், சுற்றும்போது தோகை சிலிர்க்கும். கண்ணைத் தாங்கும் இறகுத் தகடு கியரைவிடப் பெரிதாக இருக்கலாமா? ஏழும் ஒரே தளத்தில் என்றால் மையத்திலிருந்து 23 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது, பக்கத்துத் தகட்டில் இடிக்கும். ஒன்றுவிட்டு ஒன்றை முன்தளம், பின்தளம் என்று பிரித்தால் 40 மி.மீ. வரை தாராளமாக நீட்டலாம். அதற்கு மேல் பக்கத்து அச்சில் தட்டும். இரண்டு தளத்துக்கும் நடுவே விழும் நிழலும் கூடவே கிடைக்கும். தட்டையான மயிலைவிட அது பல மடங்கு நன்றாக இருக்கும். உடலும் கழுத்தும் அசையாத முன்தகடு. பெரிய கியரை முழுதாக மறைத்துவிடாதீர்கள். தறிக்காரர் எட்டிப் பார்க்க ஒரு சந்து விடுங்கள்.

அசையாத பகுதிகளில் மட்டும் பல்லின் வடிவத்தில் சுதந்திரம் எடுத்துக்கொள்ளலாம். கிரேக்கக் கடலடியிலிருந்து 1901இல் கிடைத்த ஆன்டிகிதெரா கருவியின் வெண்கலச் சக்கரங்களில் இருப்பவை வெறும் முக்கோணப் பற்கள், ஒன்றில் 223 என்று நம்புகிறார்கள். சந்திரனைக் கணக்கிடும் அளவுக்கு அவை சுற்றின. கொண்டையிலும் காலிலும் அந்த முக்கோணப் பல் அழகாக உட்காரும்.

பொருள் தோற்றத்துக்கு மெட்டாலிக் 1, ரஃப்னெஸ் பாதிக்கு மேல். விளிம்புகளில் பெவல் (கூர்மையைச் சீவுவது) கட்டாயம், ஒளி விளிம்பில்தான் நிற்கும். நிறைய துரு வேண்டாம். ஓடுகிற கியரில் பல்லின் முகம் தேய்ந்து பளபளக்கும், துரு ஆரக்காலில்தான் இருக்கும்.

கையில் எடுக்கும்போது

3டி பிரிண்டில் எடுப்பதானால் மையத்தூரத்தை 90க்குப் பதில் 90.2 அல்லது 90.3 வையுங்கள், பல் இறுகாது. 5 மி.மீ. அச்சுக்கு 5.3 துளை. 0.4 மி.மீ. நாசிலில் (பிளாஸ்டிக் வரும் முனை) மாட்யூல் 1.5க்குக் கீழே போனால் பல் மழுங்கிவிடும், 2 நிம்மதி. பிளாஸ்டிக் விஷயத்தில் ஊரைக் கணக்கில் எடுக்க வேண்டும். திருத்தணி வெயில் 40 பாகையைத் தாண்டுவது புதிதல்ல. பிஎல்ஏ (PLA) என்ற பிளாஸ்டிக் 60 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். தகரக் கூரைக்கு அடியிலோ மூடிய காரிலோ அந்தச் சூடு வந்துவிடும், மயில் தலையைத் தொங்கப் போட்டுவிடும். பெட்ஜி (PETG) என்ற பிளாஸ்டிக் ஏறக்குறைய 80 வரை தாங்கும், அதில் எடுங்கள்.

இரும்புத் தகட்டில் லேசர் வெட்டு என்றால் டிஎக்ஸ்எஃப் (DXF, தட்டை வரைபடக் கோப்பு) கேட்பார்கள். கோப்பின் ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து அனுப்பி, அவர்கள் திரையில் அது 100 என்றே காட்டுகிறதா என்று போனிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். அங்குலமாகவும் மில்லிமீட்டராகவும் குழம்புவது இந்தக் கோப்பு வகையின் பழைய வியாதி. 72 பல் கியர் ஆரக்கால் வெட்டாமல் 5 மி.மீ. தகட்டில் 640 கிராம் அளவுக்கு வரும். அதை வைத்து அச்சுக் கம்பியின் தடிமனை முடிவு செய்யுங்கள்.

பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தைச் சேர்ப்பதாக இருந்தால் வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். சூடேற்றாமல் சாதா ராடில் பற்றவைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். நிக்கல் ராடும் முன்சூடும் தெரிந்தவர் இருந்தால் வேறு விஷயம். இல்லையென்றால் துளையிட்டு போல்ட் போடுவது உத்தமம். கழற்றி மாட்டவும் முடியும்.

சுற்றுவதற்கு என் ஓட்டு கைப்பிடிக்கு. மோட்டார் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று போகும் மைக்ரோவேவ் தட்டு மோட்டார் மாதிரி ஒன்றைச் சிறிய பல்சக்கரம் வழியாகப் பெரியதோடு கோர்க்கலாம். மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டார் என்றால் இணைப்பை எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். வேகம் குறைக்கக் குறைக்கத்தான் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். ஆர்தர் கேன்சன் என்ற அமெரிக்கச் சிற்பி, ஒன்றுக்கு 50 என்று வேகத்தைக் குறைக்கும் வார்ம் கியர் (திருகு வடிவத் தண்டும் சக்கரமும்) ஜோடிகள் பன்னிரண்டைத் தொடராகக் கோத்து, கடைசிச் சக்கரத்தைக் கான்கிரீட்டிலேயே பதித்துவிட்டார். முதல் முனையில் மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி முனை ஒரு சுற்று முடிக்க இரண்டு லட்சம் கோடி ஆண்டுக்கு மேல் ஆகும், அதனால் எதுவும் உடைவதில்லை. கையில் கால்குலேட்டர் இருந்தால் 50ஐப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள்.

பல் சேருமிடம் எதுவானாலும் குழந்தையின் விரலும் துப்பட்டா நுனியும் போகும். முன்னால் 3 மி.மீ. அக்ரிலிக் தகடு ஒன்று போட்டுவிடுங்கள், கைப்பிடியை மட்டும் வெளியே விடுங்கள். நட்டுகள் நைலான் பூட்டு உள்ளவையாக இருக்கட்டும், ஒவ்வொரு கியருக்கும் முன்னும் பின்னும் வாஷர். பிளாஸ்டிக் பல்லுக்கு எண்ணெய் வேண்டாம், இந்த ஊர்ப் பஞ்சுத் தூசி அதில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இரும்புக்குக் கிரீஸ் மெல்லியதாகத் தடவி, மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஃப்ரீகேட் கோப்பையும் ஸ்ப்ரெட்ஷீட்டையும் பத்திரமாக வையுங்கள், ஏதாவது ஒரு பல் உடைந்தால் அந்த ஒரு கியரை மட்டும் திரும்ப வெட்டிக்கொள்ளலாம்.